மார்பகம் அகற்றிய பின் சிலிக்கான் உள்வைப்பு: முறைகளை ஒப்பிடும்போது தருமபுரியிலிருந்து பார்க்க வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்று முடிவான பின், அந்த இடத்தில் மீண்டும் ஒரு மார்பக வடிவத்தை அமைத்துக்கொள்ளலாமா (இதையே மறுசீரமைப்பு என்பார்கள்) என்ற கேள்வி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல குடும்பங்களில் எழுவதே இல்லை. உயிர் பிழைத்தால் போதும் என்ற நிலையில் அது ஆடம்பரமாகத் தோன்றுவது இயல்புதான். கேள்வி எழும் சில வீடுகளிலும், ‘சிலிக்கான் வைக்கலாம்’ என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் சிலிக்கான் வைப்பது, அதாவது சிலிக்கான் ஜெல் நிரப்பிய பையை உள்வைப்பாக நெஞ்சில் பொருத்துவது, ஒரே சிகிச்சை அல்ல. எப்போது வைப்பது, ஒரே அறுவையிலா இரண்டு கட்டமாகவா, நெஞ்சுத் தசைக்கு அடியிலா மேலேயா, அதைத் தாங்கிப் பிடிக்க எதைப் பயன்படுத்துவது என்று நான்கு முடிவுகள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் ஒன்றை மாற்றினால் மருத்துவமனைக்குப் போக வேண்டிய தடவைகள், செலவு, சிக்கல் வரும் வாய்ப்பு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மார்பு எப்படி இருக்கும் என்பது எல்லாமே மாறிவிடும்.

பெருநகரத்து நோயாளிக்காக எழுதப்படும் ஒப்பீடுகள் பெரும்பாலும் தோற்றத்தை முன்னிறுத்துகின்றன. அரூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ சிகிச்சைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்த வரிசை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அவர் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்படுமா என்பது ஒன்று; அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் காய்ச்சலோ சிவப்போ தோன்றினால், அறுவை செய்த குழுவிடம் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர முடியும் என்பது மற்றொன்று. தோற்றம் அதற்குப் பிறகுதான்.

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீடு, இந்தியாவில் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகக் கணக்கிட்டது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம். இங்கே பலர் கட்டி பெரிதான பிறகோ, அக்குளில் நெறிகட்டிய பிறகோதான் மருத்துவரிடம் வருகிறார்கள். அதனால் மார்பகத்தோடு அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, தோலையும் கணிசமாக நீக்கித் தைக்கும் அறுவையே இங்கு வழக்கமாக இருக்கிறது. தோலை விட்டுவைத்து உள்ளிருக்கும் சுரப்பித் திசுவை மட்டும் எடுக்கும் முறையும், காம்பையும் சேர்த்துக் காப்பாற்றும் முறையும் உண்டு. அவை நோய் சிறிதாகவும் தோலை எட்டாமலும் இருக்கும்போதே பாதுகாப்பானவை. மறுசீரமைப்பின் பாதி முடிவு இங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. போதுமான தோல் எஞ்சி, அதில் இரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் நிரந்தர உள்வைப்பை அன்றே வைக்கலாம். தோல் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருந்தால் உள்வைப்புக்கு இடமே இருக்காது. இடத்தை முதலில் உண்டாக்க வேண்டும்.

அப்படி இடம் உண்டாக்கும் கருவிதான் எக்ஸ்பாண்டர் எனப்படும் விரிப்பான் பை. அமெரிக்க அறுவை மருத்துவர் செடோமிர் ராடோவன் 1970களின் நடுவில் அதை மார்பக மறுசீரமைப்புக்குக் கொண்டுவந்தார். கருவுற்ற வயிற்றின் தோல் மாதக்கணக்கில் மெல்ல விரிந்து இடம் கொடுப்பதுபோல, நெஞ்சுத் தோலுக்கு உள்ளே வைத்த வெற்றுப் பையில் உப்பு நீரைச் சிறிது சிறிதாக ஏற்றினால் தோலும் விரிந்து கொடுக்கும். அறுவைக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, காயம் ஆறிய நிலையில், பையின் வாய்ப்பகுதியைத் தோலுக்கு மேலிருந்து கண்டறிந்து மெல்லிய ஊசியால் உப்பு நீரை ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் 50 முதல் 100 மில்லி வரை. வாரத்துக்கு ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வேண்டிய அளவு எட்டிய பின் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஓய்வு விட்டு, இரண்டாவது அறுவையில் பையை எடுத்துவிட்டு நிரந்தர உள்வைப்பை வைப்பார்கள். நடுவில் கீமோதெரபி இருந்தால் காலம் இன்னும் நீளும்.

இந்த முறையின் வலிமை அதன் பொறுமையில் இருக்கிறது. மார்பகத்தை எடுத்த அன்று தோலின் இரத்த ஓட்டம் மிக நலிந்திருக்கும். அந்த நேரத்தில் பையைக் காலியாகவோ பாதி அளவிலோ வைப்பதால் தோலின்மீது இழுவிசை குறைகிறது. தோலின் ஓரம் கருகிப் போகும் அபாயமும் குறைகிறது. இறுதி அளவை நோயாளியே பார்த்துச் சொல்லவும், இரண்டாவது அறுவையில் இடம் வலம் வேறுபாடுகளைச் சரிசெய்யவும் வாய்ப்பு கிடைக்கிறது. இதற்கு ஈடாகத் தர வேண்டியது பயணம். தருமபுரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், பெங்களூரு அதைப்போல இரு மடங்குக்கும் மேல். நெடுஞ்சாலை நன்றாக இருந்தாலும் கணக்கு நெடுஞ்சாலையில் தொடங்குவதில்லை. சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்தை அடுத்த சிற்றூர்களிலிருந்தோ வருபவர் பேருந்து நிலையத்தை அடைவதற்கே காலைப்பொழுது போய்விடும். பத்து நிமிட வேலையான ஓர் ஊசிக்காக ஒரு நாள் கூலியை இழந்து, துணைக்கு வருபவரின் கூலியையும் இழந்து, மாதத்துக்கு நான்கு முறை போய்வருவது எல்லோராலும் முடிவதில்லை. இந்தச் சுமையைக் குறைக்க வழியுண்டு: அறுவையின்போதே பையைத் தோல் தாங்கும் அளவு நிரப்பிவிடுவது, பிறகு நிரப்பும் இடைவெளியைக் கீமோ நாள்களோடு பொருத்திக்கொள்வது. கேட்டால் ஒழிய இதை யாரும் தாமாக ஏற்பாடு செய்து தருவதில்லை.

இந்தப் பயணக் கணக்கைப் பார்த்தவுடன், ஒரே அறுவையில் நிரந்தர உள்வைப்பை வைத்துவிடும் முறைதான் தொலைவில் இருப்பவருக்கு ஏற்றது என்று தோன்றும். ஒரு மயக்க மருந்து, ஒரு காயம், விழிக்கும்போதே வடிவம். ஊசிக்காகப் போய்வர வேண்டியதில்லை. தகுதியான நோயாளிகளுக்கு, அதாவது சிறிய அல்லது நடுத்தர அளவு மார்பகமும் தடிமனான, இரத்த ஓட்டம் நல்ல தோலும் உள்ளவர்களுக்கு, அனுபவமுள்ள கைகளில் இம்முறை நல்ல பலனைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தொலைவு என்ற காரணத்துக்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான தருக்கம் என்றே கருதுகிறேன்.

காரணம் ஆய்வுகளில் இருக்கிறது. நெதர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில் நடந்த பிரியோஸ் என்ற சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு (யாருக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல்போல முடிவுசெய்யும் ஆய்வு), உள்வைப்பைத் தாங்கிப் பிடிக்கும் விலங்குத் தோல்படலத்துடன் கூடிய ஒரே கட்ட முறையையும் வழக்கமான இரண்டு கட்ட முறையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 2017இல் லான்செட் ஆன்காலஜி இதழில் அதன் முடிவுகள் வெளியாயின. ஒரே கட்ட முறையில் அறுவைச் சிக்கல்களும் மறு அறுவைகளும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. வைத்த உள்வைப்பையோ தோல்படலத்தையோ எடுக்க நேர்ந்த வாய்ப்பு விகிதம் இரண்டு கட்ட முறையைவிட எட்டு மடங்குக்கும் மேல். அந்த அறுவை மருத்துவர்களுக்கு இம்முறையில் போதிய பழக்கம் இருந்ததா என்று பின்னர் விமர்சனம் எழுந்தது. அதில் நியாயமும் இருக்கலாம். ஆனால் பழக்கமுள்ள கைகளும் போதிய கண்காணிப்பும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத்தான் அந்த விமர்சனமே எடுத்துக்காட்டுகிறது. அடுத்த ஆண்டு அதே குழு, நோயாளிகளின் மனநிறைவையும் வாழ்க்கைத் தரத்தையும் கேட்டறிந்து வெளியிட்டபோது, இரு முறைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கூடுதல் ஆபத்தை ஏற்றதற்குக் கூடுதல் நிறைவு கைமாறாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு தகவலும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. பிரிட்டனில் ஐப்ரா என்ற பெயரில் 81 மையங்களில், உள்வைப்பு வழி மறுசீரமைப்பு செய்துகொண்ட 2,108 பெண்களை மூன்று மாதங்கள் பின்தொடர்ந்தார்கள். உள்வைப்பை இழந்தவர்கள் 9 விழுக்காடு, தொற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 25 விழுக்காடு, மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 18 விழுக்காடு, மறு அறுவைக்கு உள்ளானவர்கள் 18 விழுக்காடு. உள்வைப்பு இழப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அந்நாட்டின் தரநிலை. எல்லாப் பெண்களுக்கும் பொதுமருத்துவர் தொடர்பும் அவசர ஊர்திச் சேவையும் இருக்கும் நாட்டிலேயே நிலை இதுதான். சிக்கல் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே தலைகாட்டுகிறது. தொற்றை ஓரிரு நாளில் கவனித்தால் மருந்தாலும் கழுவி மாற்றுவதாலும் உள்வைப்பைக் காப்பாற்ற முடியும். உள்ளூர்க் கடையில் மாத்திரை வாங்கி ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போனால் பெரும்பாலும் எடுத்துவிடுவதுதான் வழி. ஒரே கட்ட முறை குறைப்பது திட்டமிட்ட பயணங்களை. கூட்டக்கூடியது திட்டமிடாத பயணங்களை. திட்டமிட்ட பயணத்துக்குப் பணமும் துணையும் தேடி வைக்கலாம். இரவு பத்து மணிக்குத் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போக வேண்டிய பயணத்துக்கு முன்கூட்டி எதுவும் செய்ய இயலாது.

உள்வைப்பைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் பொருளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உயிரணுக்கள் நீக்கப்பட்ட தோல்படலத்தை மருத்துவர்கள் ஏ.டி.எம். என்பார்கள். இறந்தவர் தானமளித்த மனிதத் தோலிலிருந்தோ, பன்றி அல்லது மாட்டின் திசுவிலிருந்தோ அது தயாரிக்கப்படுகிறது. மூலப்பொருள் எது என்பதை முன்கூட்டிக் கேட்பது நோயாளியின் உரிமை. சமய நம்பிக்கையோ உணவுப் பழக்கமோ சார்ந்த மறுப்பு இருப்பவர் அறுவை அரங்குக்குப் போகுமுன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். விலை மிக அதிகம், பெரும்பாலும் இறக்குமதி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் வெளியிட்ட அறிவிப்பில், மார்பக மறுசீரமைப்புக்கென்று எந்த ஏ.டி.எம். தயாரிப்புக்கும் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்றும், சில தயாரிப்புகளில் சிக்கல் விகிதம் கூடுதலாக இருக்கலாம் என்றும் நினைவூட்டியது. உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் பொருள்தான் அது. ஆனால் ‘கட்டாயம் தேவை’ என்று சொல்லப்பட்டால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை. செயற்கை இழை வலைகள் விலை குறைவான மாற்று. மார்பகம் பெரிதாகவும் தொங்கியும் இருக்கும் பெண்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: வெட்டி எறியப்படவிருக்கும் கீழ்ப்பகுதித் தோலின் மேலடுக்கை மட்டும் உரித்து, உள்தோலை மடித்து உள்வைப்பின் கீழே தூளியாகத் தைத்துவிடுவது. சொந்தத் திசு, செலவில்லை, இரத்த ஓட்டமும் உண்டு. பொருத்தமான உடலமைப்பு உள்ள பெண்ணுக்கு இதைப் பற்றிப் பேசாமல் விலையுயர்ந்த படலத்தை மட்டும் பேசுவது சரியான ஆலோசனை ஆகாது.

தசைக்கு அடியிலா மேலேயா என்ற கேள்வி நகரத்து ஒப்பீடுகளில் வலியும் தோற்றமும் சார்ந்த ஒன்றாக வருகிறது. இந்த மாவட்டங்களில் அது பிழைப்பு சார்ந்த கேள்வியும் ஆகும். பழைய முறையில் பெரிய நெஞ்சுத் தசையைத் தூக்கி, அதன் கீழே உள்வைப்பை வைப்பார்கள். மேலே நல்ல இரத்த ஓட்டமுள்ள ஒரு போர்வை கிடைப்பதால் தோல் மெல்லியதாக இருந்தாலும் உள்வைப்பு மூடியே இருக்கும். ஆனால் அந்தத் தசையின் வேலை கையை உடலை நோக்கி இழுப்பதும் தள்ளுவதும். குடத்தைத் தூக்கும்போதும், மாங்காய்க் கூடையை இறக்கும்போதும், பால் கறக்கும்போதும், ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் ரோஜாவை வெட்டிக் கட்டும்போதும், தொழிற்சாலை வரிசையில் நின்று பாகங்களைப் பொருத்தும்போதும் அதே தசைதான் சுருங்குகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் உள்வைப்பு மேலேயோ பக்கவாட்டிலோ நகர்ந்து மார்பின் வடிவம் பார்க்கத் தெரியும்படி கோணிக்கொள்ளும். சிலருக்கு அது கண்ணுக்கு மட்டும் தொந்தரவு. உடல் உழைப்பில் இருப்பவருக்கு இறுக்கமாகவும் வலியாகவும் தொடர்ந்து உணரப்படலாம்.

தசையைத் தொடாமல், அதற்கு மேலே தோலுக்கு நேர் அடியில் உள்வைப்பை வைக்கும் முறை கடந்த சில ஆண்டுகளில் மிகப் பரவியிருக்கிறது. அறுவைக்குப் பின் வலி குறைவு, தசை அசைவால் வடிவம் கோணுவதில்லை, தோளின் வலு ஓரளவு காக்கப்படுகிறது. ஆனால் எஞ்சிய தோலும் அதன் அடிக்கொழுப்பும் போதிய தடிமனுடன் இருக்க வேண்டும். மெலிந்த பெண்களிடம் உள்வைப்பின் ஓரமும் சுருக்கங்களும் தோலுக்கு மேலே தெரிந்துவிடும். பிறகு தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ கொழுப்பெடுத்து நிரப்ப வேண்டிவரலாம். தோலின் ஓரம் கருகினால் உள்வைப்புக்கும் வெளியுலகுக்கும் இடையே தசை என்ற கடைசித் தடுப்பும் இருக்காது. பெரும்பாலான மருத்துவர்கள் இம்முறையில் உள்வைப்பைச் சுற்றிப் படலமோ வலையோ சுற்றுவதால் செலவும் ஏறுகிறது. உழைப்பாளிப் பெண்ணுக்குத் தசைக்கு மேலே வைப்பதே கொள்கையளவில் நல்லது என்று தோன்றினாலும், வயல் வேலையில் மெலிந்த உடம்புள்ள அதே பெண்ணுக்குத் தோலின் தடிமன் போதாமல் போகலாம். இந்த முடிவு மேசையில் அமர்ந்து எடுக்கப்படுவதல்ல; மார்பகத்தை எடுத்த பிறகு, எஞ்சிய தோலைக் கண்ணால் பார்த்து, தொட்டு, சில இடங்களில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் சாயம் செலுத்திப் பார்த்து எடுக்கப்படுவது. அதனால் இரண்டு வாய்ப்புகளுக்கும் நோயாளி முன்கூட்டியே ஒப்புதல் தந்திருப்பது நல்லது.

இனி கதிர்வீச்சு. எல்லா ஒப்பீட்டையும் புரட்டிப்போடக்கூடிய ஒற்றைக் காரணி இதுவே. கட்டி 5 சென்டிமீட்டரைவிடப் பெரிதாக இருந்தாலோ, அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் நோய் பரவியிருந்தாலோ, தோல் பாதிக்கப்பட்டிருந்தாலோ மார்பகத்தை எடுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. ஒன்று முதல் மூன்று முடிச்சுகள் என்ற நிலையிலும் பலருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. தாமதமாகக் கண்டறியப்படுவதால் நம் பகுதி நோயாளிகளில் பலர் இந்த வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். எந்த உள்வைப்பைச் சுற்றியும் உடல் ஒரு மெல்லிய வடுப்பையை உருவாக்கும், அது இயல்பு. கதிர்வீச்சு பட்ட இடத்தில் அந்தப் பை தடித்து இறுகி, உள்வைப்பை நசுக்கி மேலே தூக்கிவிடும் வாய்ப்பு கூடுகிறது. பேக்கர் அளவுகோல் என்ற நான்கு படிநிலைகளில் மருத்துவர்கள் இதை அளப்பார்கள்: முதல் படியில் மார்பு இயல்பாக மென்மையாக இருக்கும், மூன்றில் பார்க்கவே வடிவம் மாறியிருக்கும், நான்கில் கல்லாகி வலிக்கும்.

வட அமெரிக்க மையங்கள் பல சேர்ந்து நடத்திய, சுருக்கமாக எம்ராக் என்று அழைக்கப்படும் தொடர் ஆய்வு இதற்கு எண்களைத் தருகிறது. 2018இல் வெளியான அதன் பகுப்பாய்வில், கதிர்வீச்சு பெற்ற, உள்வைப்பு வைத்த பெண்களில் 38.9 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் ஏதேனும் ஒரு சிக்கல் வந்திருந்தது. மறுசீரமைப்பே தோற்றுப் போனவர்கள் 18.7 விழுக்காடு. உள்வைப்புக்குப் பதிலாக வயிறு, முதுகு போன்ற இடங்களின் சொந்தத் திசுவால் மறுசீரமைத்துக் கதிர்வீச்சும் பெற்றவர்களில் தோல்வி 1 விழுக்காடுதான். கதிர்வீச்சு இருந்தால் உள்வைப்பே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. ஐந்தில் நான்கு பேருக்கு அது நிலைத்திருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அருகே தோற்கும் ஒரு முயற்சிக்குச் சேமிப்பைக் கரைத்தோ கடன் வாங்கியோ போகிறவர், அந்த எண்ணைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

கதிர்வீச்சு வரப்போகிறது என்று தெரிந்தால் மூன்று பாதைகள் உள்ளன. முதலாவது, விரிப்பானை வைத்துக் கீமோ காலத்திலேயே நிரப்பி முடித்து, கதிர்வீச்சுக்கு முன் நிரந்தர உள்வைப்பாக மாற்றிவிடுவது. இதில் இறுக்கம் வந்தால் இறுதி வடிவத்திலேயே வரும். இரண்டாவது, விரிப்பான் உள்ளிருக்கும்போதே கதிர்வீச்சைக் கொடுத்து, சுமார் ஆறு மாதம் கழித்து மாற்றுவது. இதில் இறுகிய வடுப்பையை இரண்டாவது அறுவையில் அறுத்துத் தளர்த்த வாய்ப்புண்டு. ஆனால் கதிர்வீச்சு பட்ட தோலில் மீண்டும் அறுவை செய்யும் ஆபத்தும் உண்டு. தேவைப்பட்டால் அந்த இரண்டாவது கட்டத்திலேயே சொந்தத் திசுவுக்கு மாறிக்கொள்ளலாம் என்பது இதன் கூடுதல் நன்மை. மூன்றாவது, இப்போதைக்கு எதையும் வைக்காமல் சிகிச்சை முழுவதையும் முடித்துவிட்டுப் பிறகு முடிவெடுப்பது. அப்போது கதிர்வீச்சால் விறைத்த தோலை வெறும் விரிப்பானால் விரிப்பது கடினம். முதுகுப்புறத்திலிருந்து தசையும் தோலும் சேர்ந்த மடலைத் திருப்பிக் கொண்டுவந்து, அதன் கீழே உள்வைப்பை வைப்பார்கள், அல்லது வயிற்றுத் திசுவால் முழுமையாகவே அமைப்பார்கள்.

இந்த மூன்றில் எது மேல் என்பதில் மருத்துவர்களிடையேயே ஒருமித்த கருத்து இல்லை. எனினும், நோய் முற்றிய நிலையில் வந்து, கதிர்வீச்சு உறுதி என்று தெரிந்திருக்கும் ஒரு தருமபுரிப் பெண்ணுக்கு மூன்றாவது பாதையை நான் தயங்காமல் முன்னே வைப்பேன். முதலிரண்டு பாதைகளிலும் ஒரு தொற்று வந்தால் கீமோவோ கதிர்வீச்சோ தள்ளிப்போகும். அதைச் சமாளிக்கும் வசதி பக்கத்தில் இல்லாதபோது, புற்றுநோய்க்கான சிகிச்சை தடங்கலின்றி முடிவதே முதன்மை. காத்திருப்பதால் மறுசீரமைப்பு கைநழுவிவிடாது. இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு கழித்தும் அதைச் செய்துகொள்ளலாம். இதைப் பல பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. ‘அப்போதே செய்திருக்க வேண்டும், இனி முடியாது’ என்று நம்பிவிடுகிறார்கள். மறுபுறம், தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்டு, கதிர்வீச்சு தேவையில்லை என்று உறுதியான ஒரு ஓசூர்ப் பெண்ணின் நிலை வேறு. பெங்களூரு அவருக்கு 40 கிலோமீட்டர்தான். தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடாக இருந்தால் அங்கே மொழியும் தடையில்லை. அவருக்கு உடனடி மறுசீரமைப்பு, தோல் ஒத்துழைத்தால் ஒரே கட்டமாகவே கூட, நியாயமான தேர்வு.

எந்த முறையானாலும் தோலைக் கருகச் செய்யும், தொற்றை வரவழைக்கும் காரணிகள் ஒன்றேதான்: கட்டுப்படாத சர்க்கரை, அதிக உடல் எடை, புகையிலை. மூன்றாவதில் ஒரு பிசகு இங்கே அடிக்கடி நேரக்கூடியது. ‘புகை பிடிப்பீர்களா’ என்று மருத்துவமனையில் கேட்பார்கள். இல்லை என்பார் நம் அம்மா. வெற்றிலையோடு புகையிலை போடுவதை அவர் அதில் சேர்ப்பதில்லை, கேட்டவரும் சேர்த்துக் கேட்பதில்லை. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் நிக்கோடின் மெல்லும் புகையிலையிலும் இருக்கிறது. அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்துவது எந்த உயர்விலைப் படலத்தைவிடவும் பயன் தரும். சர்க்கரையைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவை அறுவைக்கு முன் ஒருமுறை பார்த்துக் குறைத்துக்கொள்வது எட்டாத காரியமல்ல.

உள்வைப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சிலிக்கான் ஜெல் உள்வைப்பு 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. பாதுகாப்புச் சான்றுகள் போதவில்லை என்று 1992இல் அங்கே அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டு, நீண்ட ஆய்வுகளுக்குப் பிறகு 2006இல் மீண்டும் ஒப்புதல் கிடைத்தது. தொழிற்சாலைத் தர சிலிக்கானை நிரப்பி விற்ற பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனத்தின் மோசடி 2010இல் வெளிப்பட்டது. சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட உள்வைப்புகளைச் சுற்றி ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் உருவாகக்கூடும் என்பது உறுதியானதால், 2019இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. அந்த நோய் மிக அரிது. ஆனாலும் வழவழப்பான மேற்பரப்பு உள்ள உள்வைப்பையே கேட்டுப் பெறுவதற்கு இந்த ஒரு காரணம் போதும். எந்த உள்வைப்பும் ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதமானது அல்ல. ஜெல் கசிந்திருக்கிறதா என்பது வெளியே தெரியாமலே இருக்கலாம் என்பதால், வைத்த ஐந்தாறு ஆண்டுகளில் ஒருமுறையும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்ட் பார்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது.

செலவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அகற்றும் அறுவைக்கான ஒப்புதலில் மறுசீரமைப்பும் உள்வைப்பின் விலையும் சேர்ந்திருக்கின்றனவா, இரண்டாவது கட்ட அறுவைக்குத் தனி ஒப்புதல் வேண்டுமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவியாளரிடம் அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் கட்டத்துக்குப் பணம் கிடைத்து இரண்டாவதற்குக் கிடைக்காமல், விரிப்பானோடே மாதக்கணக்கில் நின்றுவிடும் நிலை எல்லாவற்றிலும் மோசமானது.

மறுசீரமைப்பே வேண்டாம் என்பதும் முழுமையான ஒரு தேர்வு. நெஞ்சைத் தட்டையாக, மடிப்பு இல்லாமல் நேர்த்தியாகத் தைத்துத் தரும்படி கேட்கலாம். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் அல்லது பஞ்சு வடிவங்கள் அறுவையின்றியே சேலையும் சுடிதாரும் சரியாக அமர உதவும். ஒரு பக்கம் மட்டும் எடை குறைந்தால் தோள் சாய்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. எடையுள்ள வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் சரியாகும்.

உள்வைப்பு வைத்துக்கொண்டவர் வீடு திரும்பும்போது இரண்டு தாள்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, உள்வைப்பின் நிறுவனம், வகை, அளவு, தொடர் எண் ஆகியவை ஒட்டப்பட்ட அட்டை. ஏதேனும் ஒரு வகை திரும்பப் பெறப்பட்டால் தன் உடம்பில் இருப்பது எது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மற்றொன்று, காயத்தில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த வடிகுழாயை எப்போது எடுப்பது, எந்த அறிகுறிக்கு யாரை அழைப்பது என்று எழுதிய தாள். அதில் வடியும் நீர் ஒரு நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரால் அந்த அளவைக் குறித்துத் தர முடியும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மார்பில் பரவும் சிவப்பு, தையலோரம் கருநீலமாவது, திடீரென ஒரு பக்கம் வீங்குவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். விரிப்பான் வைத்தவருக்கு அந்தத் தாளில் இன்னொரு வரியும் இருக்க வேண்டும்: பல விரிப்பான்களின் ஊசி ஏற்றும் வாயில் காந்தம் இருப்பதால், அது உள்ளே இருக்கும் வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. முதுகுவலிக்காக வேறு ஊரில் வேறு மருத்துவர் ஸ்கேன் எழுதித் தரும்போது, அந்த வரியைக் காட்டிய பிறகே நோயாளி ஸ்கேன் மையத்துக்குள் போக வேண்டும்.